பாரதி நகரும் ஒரு பூங்காவும்: சர்க்கரை வியாதியின் வர்க்க வரலாறு

‘அது பணக்கார வியாதிப்பா, நமக்கெல்லாம் எங்க வரப்போகுது?’ சர்க்கரை வியாதி குறித்துச் சென்னையில் நான் அதிகம் கேட்ட வாக்கியம் இது. இதை வெறும் அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. ஒரு காலத்தில் புள்ளிவிவரங்களும் இதையேதான் சொல்லின. அந்த எண்கள் எப்படி மாறின, மாறிய பிறகு நோய்க்கான பொறுப்பு யார் தலையில் வைக்கப்பட்டது என்பதே இங்கு என் அக்கறை.

சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் 1948இல் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கியவர் எம். விஸ்வநாதன். மருத்துவமனைக்கு வருகிறவர்களை மட்டும் எண்ணினால் வர முடியாதவர்கள் கணக்கிலேயே இருக்கமாட்டார்கள். அவருடைய மகன் வி. மோகனின் குழு 1996-97இல் குடியிருப்புகளுக்குள் போனது. நடுத்தர வர்க்கத்தினர் வாழும் திருமங்கலம் ஒன்று, தி. நகரில் ஏழைகள் வாழும் பாரதி நகர் மற்றொன்று. இருபது வயதுக்கு மேற்பட்ட 1,262 பேர் பங்கேற்றார்கள். நீரிழிவு திருமங்கலத்தில் 12.4 சதவீதம், பாரதி நகரில் 6.5 சதவீதம். ஏறக்குறையப் பாதி. ‘பணக்கார வியாதி’ என்ற பேச்சுக்கு ஆதாரம் கிடைத்தது போலத்தான் இருந்தது.

பத்தாண்டுகள் கழித்து அதே இரண்டு இடங்களில் மீண்டும் பார்த்தார்கள். முடிவுகள் 2011இல் வெளியாயின. திருமங்கலம் 15.4, பாரதி நகர் 15.3. இடைவெளி காணாமல் போயிருந்தது. சம்பளத்தில் வராத சமத்துவம் ரத்தச் சர்க்கரையில் வந்துவிட்டது.

இதற்கு மரபணுவைக் காரணம் காட்டுவது ஒரு வழக்கம். இந்திய உடல் சர்க்கரைக்கு எளிதில் ஆட்படும் என்பதில் உண்மை உண்டு. ஆனால் பத்தாண்டுகளில் மரபணு மாறாது. இன்னொரு வழக்கம், அரிசியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது. இது பழைய வழக்கு. காலனிய காலத்திலேயே குன்னூரில் ராபர்ட் மெக்கரிசன் எலிகளுக்குச் சீக்கியர் உணவையும் மதராசிகளின் அரிசி உணவையும் கொடுத்து ஒப்பிட்டார். தரவரிசையில் மதராசி கீழே போனான். உணவை அளப்பதாகச் சொல்லிக்கொண்டு இனங்களையும் சேர்த்து அளந்த அறிவு அது.

மோகன் குழுவின் அரிசி ஆய்வை அதோடு சேர்த்துவிடக் கூடாது. சென்னைவாசிகள் உண்ணும் கலோரியில் கிட்டத்தட்டப் பாதி தீட்டிய தானியங்களிலிருந்து வருகிறது, அதில் பெரும்பங்கு வெள்ளை அரிசி என்று 2009இல் அவர்கள் காட்டினார்கள். இங்கே குற்றவாளி அரிசி அல்ல. உமியோடு தவிட்டையும் நாரையும் உருவியெடுக்கும் ஆலை. ஆனால் 1967 தேர்தலில் ரூபாய்க்குப் படியரிசி என்ற வாக்குறுதி ஆட்சியையே மாற்றிய மண் இது. பசித்தவனுக்கு வெள்ளைச் சோறு கௌரவம், உரிமை. அவனிடம் போய் ‘அரிசியைக் குறை’ என்றால் பதிலுக்கு என்ன சாப்பிடுவது, அது என்ன விலை என்றும் சொல்லியாக வேண்டும்.

அறிவுரையே பொய் என்று நான் வாதிடவில்லை. ஏ. ராமச்சந்திரன் குழு 2006இல் வெளியிட்ட ஆய்வில், நோயின் விளிம்பில் இருந்தவர்களில் அறிவுரை பெறாத 55 சதவீதம் பேருக்கு மூன்றாண்டுகளில் நீரிழிவு வந்தது. உணவையும் நடையையும் மாற்றியவர்களில் அது 39.3 சதவீதம். நடந்தால் பலன் உண்டு. சரி, எங்கே நடப்பது?

திருமங்கலத்துக்காரர்கள் ஆய்வு முடிவைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கவில்லை. தங்கள் காலனியில் சொந்தப் பணத்தில் பூங்கா கட்டினார்கள். வாரத்தில் மூன்று நாளுக்கு மேல் உடற்பயிற்சி செய்தவர்கள் 14.2 சதவீதத்திலிருந்து 58.7 ஆனார்கள். பாராட்ட வேண்டிய காரியம். அங்கே நோய் மெதுவாக ஏறியதற்குப் பூங்கா மட்டுமே காரணம் என்றும் சொல்லமாட்டேன். ஆனால் பூங்காவுக்குக் காலி இடம் வேண்டும், கையில் காசு வேண்டும், அதிகாரிகளிடம் போய்ப் பேசும் தோரணை வேண்டும், வேலை முடிந்து மிச்சமிருக்கும் ஒரு மணி நேரம் வேண்டும். இவை நான்கும் ஒரு வர்க்கத்தின் சொத்து.

‘வாழ்க்கைமுறை நோய்’ என்கிறார்கள். வாழ்க்கைமுறை என்ற சொல்லில், அதைத் தேர்ந்தெடுத்தது நீதானே என்ற குற்றச்சாட்டு ஒளிந்திருக்கிறது. 6.5க்கும் 15.3க்கும் நடுவே பாரதி நகர்க்காரர் எதைத் தேர்ந்தெடுத்தார்? அந்தப் பத்தாண்டுகளில் நகரம் அவருக்கு எந்த வேலையை, எந்தச் சோற்றை, எவ்வளவு இடத்தை விட்டுவைத்தது? இந்தக் கேள்விகளை அவருடைய மருந்துச் சீட்டில் எழுத இடமில்லை. வரலாற்றில் எழுதலாம்.