மாணவர்கள் நடத்திய தொழில்களும் கணினிக் கூடங்களும் – ஒரு வரலாற்றுப் பார்வை



படித்து முடித்த பிள்ளைகள் பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு வேலைக்கு அலைவது நம் மஹல்லாவில் மட்டும் காணும் காட்சியன்று. செல்வம் கொழிக்கும் நாடுகளும் இக்கவலையைச் சுமந்தவையே. பள்ளிக்கூடம் கற்றுத்தராத வணிகத்தையும் கணினியையும் மாணவர்களே கூடிக் கற்று, தம் போன்ற மாணவர்களுக்குக் கற்பித்த வரலாறு ஒன்று அமெரிக்காவிலும் அயர்லாந்திலும் உண்டு. அதனை இவ்வாண்டு மலரில் சற்று விரிவாகக் காண்போம்.

முதல் உலகப் போர் ஓய்ந்த நேரம். 1919ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில், காகித ஆலை அதிபர் ஹொரேஸ் மோசஸ், தொலைபேசித் துறையின் பெரும் தலைவரான தியோடர் வெய்ல், முன்னாள் செனட்டர் மர்ரே கிரேன் ஆகிய மூவர் சேர்ந்து இளைஞர்களுக்கென ஓர் அமைப்பைத் தொடங்கினர். ‘ஜூனியர் அச்சீவ்மெண்ட்’ என்பது பின்னர் அதற்கு நிலைத்த பெயர். கிராமத்து இளைஞர்கள் வயல்களை விட்டு நகரங்களை நோக்கிச் சாரிசாரியாக வந்துகொண்டிருந்த காலம் அது. வந்தவர்களுக்கு ஆலையில் கூலி கிடைத்தது. ஆனால் அந்த ஆலைக்கு முதல் எங்கிருந்து வருகிறது, இலாபம் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதை அவர்களுக்குச் சொல்வாரில்லை. தொடங்கிய மறு ஆண்டே வெய்லும் கிரேனும் காலமாகிவிட்டனர். மோசஸ் மட்டும் பணியைக் கைவிடாது தொடர்ந்தார்.

அவ்வமைப்பு கையாண்ட முறை எளிமையானது. மாலை நேரங்களில் மாணவர்கள் குழுவாகக் கூடிச் சிறு நிறுவனம் ஒன்றை அமைப்பார்கள். அக்கம்பக்கத்தாரிடமும் உறவினரிடமும் சிறு தொகைக்குப் பங்குகளை விற்று முதல் திரட்டுவார்கள். தலைவரையும் பொருளாளரையும் தமக்குள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பார்கள். ஒரு பொருளைத் தாமே செய்து, தாமே விற்று, கணக்கும் தாமே எழுதுவார்கள். கல்வியாண்டின் முடிவில் நிறுவனத்தைக் கலைத்துப் பங்குதாரர்களுக்குக் கணக்கை ஒப்படைப்பார்கள். இலாபம் வந்தால் பகிர்வு. நஷ்டம் வந்தால் அதையும் பங்குதாரர் முன் நின்று சொல்லியாக வேண்டும். வட்டிக்கு வாங்கிய பணமன்று. பங்குக்கு வாங்கிய பணம். ஃபிக்ஹு நூல்களில் ஷிர்கத், முளாரபா பாடங்களை ஓதியவர்களுக்கு இவ்வேற்பாடு அந்நியமாகத் தோன்றாது.

பெரியவர்கள் உடனிருந்து ஆலோசனை சொன்னார்கள். முடிவெடுக்கும் உரிமையோ மாணவர்களிடம் இருந்தது. பதினாறு வயதுப் பிள்ளை பிறர் பணத்தை அமானிதமாக ஏற்று, ஓராண்டு கழித்துக் கணக்குடன் திருப்பித் தருவது எத்தனை பெரிய பயிற்சி! 1975 முதல் அவ்வமைப்பு வகுப்பறைக்குள்ளும் நுழைந்து, தொண்டர்கள் வந்து பாடம் நடத்தும் முறையையும் சேர்த்துக்கொண்டது. அதனால் எண்ணிக்கை பெருகியது. ஆயினும் கையால் செய்து பார்ப்பது குறைந்து, காதால் கேட்பது கூடியது என்பதே நமது கருத்து.

மாணவர் நிறுவனம் என்னும் அந்தப் பழைய முறை கடல் கடந்தும் சென்றது. பிரிட்டனில் வங்கியாளர் வால்ட்டர் சாலமன் 1960களின் தொடக்கத்தில் ‘யங் எண்டர்பிரைஸ்’ என்னும் பெயரில் அதனை நிறுவினார்.

பிரிட்டனின் அண்டை நாடான அயர்லாந்தில் நிகழ்ந்தது இன்னும் வியப்பானது. இங்கே தொடங்கியவர் ஆலை அதிபர் அல்லர். ஒரு பள்ளி மாணவர்.

2008இல் அயர்லாந்தின் வங்கிகள் ஆட்டம் கண்டன. 2010ஆம் ஆண்டின் இறுதியில் 85 பில்லியன் யூரோ அளவிலான மீட்பு உதவியை அந்நாடு ஏற்க நேர்ந்தது. மறு ஆண்டில் உழைக்கும் மக்களில் நூற்றுக்குப் பதினான்கு பேருக்கு மேல் வேலையின்றி இருந்தனர். இளைஞர்கள் ஊரைவிட்டு வெளிநாடு சென்றார்கள். பிழைப்புக்காகக் கடல் கடந்து செல்வது எத்தகைய வேதனை என்பதை நம்மவர்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. அந்நாட்டின் கார்க் நகரில் 1980 முதலே ஆப்பிள் நிறுவனத்தின் தொழிற்கூடம் இருந்தது. ஆயினும் பள்ளி இறுதித் தேர்வில் கணினி அறிவியல் என்றொரு பாடமே இருக்கவில்லை!

அந்நகரின் மாணவர் ஜேம்ஸ் வெல்ட்டன், ஐபாட் நானோ என்னும் சிறு கருவியின் மென்பொருளைத் தம் விருப்பப்படி மாற்றும் வழியைக் கண்டறிந்து செய்திகளில் இடம் பெற்றார். உடனே இளைய மாணவர்கள், “எங்களுக்கும் சொல்லித் தாருங்கள்” என்று அவரைச் சூழ்ந்தனர். 2011இன் தொடக்கத்தில் தம் பள்ளியிலேயே ஒரு கணினி மன்றம் அமைத்து, இணையப் பக்கங்களை உருவாக்கும் எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் ஆகியவற்றை அவர் கற்பிக்கலானார். பின்னர் தொழில்முனைவர் பில் லியாவ் அவருடன் கைகோத்தார். 2011 ஜூலையில் கார்க் நகரின் தேசிய மென்பொருள் மையத்தில் முதல் ‘கோடர்டோஜோ’ கூடியது. டோஜோ என்பது தற்காப்புக் கலை பயிலும் கூடத்தைக் குறிக்கும் ஜப்பானியச் சொல்.

கட்டணம் இல்லை, தேர்வு இல்லை. 7 முதல் 17 வயது வரையுள்ளோர் வரலாம். சிறு பிள்ளைகளுடன் பெற்றோர் உடனிருக்க வேண்டும். ஐயம் எழுந்தால் முதலில் தானே தேட வேண்டும். அருகில் இருப்பவரிடம் கேட்க வேண்டும். அதன் பின்னரே வழிகாட்டியிடம் செல்ல வேண்டும். நமது மத்ரஸாக்களில் உஸ்தாத் பாடம் முடித்த பின் மாணவர்களே வட்டமாக அமர்ந்து ஒருவருக்கொருவர் விளக்கிக்கொள்ளும் ‘தக்ரார்’ முறையை இது நினைவூட்டுகிறது. உஸ்தாதிடம் விளங்காதது தோழனிடம் விளங்கிய அனுபவம் ஓதியவர்கள் பலருக்கும் உண்டு.

சுமார் 250 கிலோமீட்டர் தொலைவிலுள்ள டப்ளினிலிருந்தும் பெற்றோர் பிள்ளைகளை அழைத்து வந்தனர். பின்னர் டப்ளினிலேயே ஒரு கூடம் எழுந்தது. இடம் வைத்திருந்தோர் ஓய்வு நாட்களில் இடம் தந்தனர். கணினி அறிந்தோர் நேரம் தந்தனர். மாலை முழுதும் பூட்டிக் கிடக்கும் அரங்குகள் நம் ஊர்களிலும் எத்தனை உள்ளன என்று எண்ணாமல் இருக்க இயலவில்லை. பெண் பிள்ளைகளின் வருகை குறைவாக இருந்தமையால், அவர்களுக்கெனத் தனி அமர்வுகளும் சில இடங்களில் ஏற்பட்டன. தாம் உருவாக்கியவற்றைப் பிள்ளைகள் பொதுமக்கள் முன் வைக்கும் ‘கூலஸ்ட் புராஜெக்ட்ஸ்’ என்னும் கண்காட்சி 2012இல் தொடங்கியது.

2017இல் இவ்வியக்கம் பிரிட்டனின் ராஸ்பெர்ரி பை அறக்கட்டளையுடன் இணைந்தது. அப்போது அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கூடங்கள் இயங்கின. மறு ஆண்டு, 2018 செப்டம்பரில், அயர்லாந்து அரசு பள்ளி இறுதித் தேர்வுக்கான பாடமாகக் கணினி அறிவியலை முதற்கட்டமாக 40 பள்ளிகளில் அறிமுகப்படுத்தியது. கார்க்கின் முதல் கூடத்தில் பத்து வயதில் அமர்ந்த பிள்ளைகள் அதற்குள் பதினேழு வயதை எட்டியிருந்தனர்.