ஆஷர் ஷப்பிரோ

ஆஷர் ஷப்பிரோ (1916–2004) அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இயந்திரப் பொறியியல் பேராசிரியராகப் பணியாற்றியவர். அதிவேக வாயு ஓட்டத்தை ஆராய்ந்து பெற்ற கணித முறைகளை மனித உடலின் சிரைகளுக்கும் சிறுநீர்க்குழாய்களுக்கும் பொருத்திக் காட்டியதால் உயிர்மருத்துவப் பொறியியல் வரலாற்றில் அவருக்குத் தனி இடம் உண்டு.

நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்த அவர், அக்கழகத்திலேயே 1938இல் இளநிலைப் பட்டமும் 1946இல் முனைவர் பட்டமும் பெற்றார். ஆசிரியப் பணியையும் அங்கேயே தொடர்ந்து, 1965 முதல் 1974 வரை துறைத் தலைவராக இருந்தார். அழுத்தத்துக்கு ஏற்ப அடர்த்தி மாறும் வாயுக்களின் ஓட்டத்தை விளக்கி 1953–54இல் இரு தொகுதிகளாக வெளிவந்த அவருடைய நூல், இத்துறை மாணவர்களுக்கு நெடுங்காலம் அடிப்படைப் பாடநூலாக விளங்கியது. கற்பித்தலில் அவருக்கிருந்த ஈடுபாடு, 1961இல் பாய்ம இயக்கவியல் திரைப்படங்களுக்கான தேசியக் குழு உருவாகக் காரணமாயிற்று. சுழிப்பு, இழுவிசை ஆகியவை பற்றிய படங்களில் அவரே தோன்றி விளக்கினார். வடிதொட்டியில் ஏறத்தாழ ஒரு நாள் அசையாமல் விடப்பட்ட நீர், புவியின் சுழற்சியால் வட அரைக்கோளத்தில் இடஞ்சுழியாக வடிவதை 1962இல் அவர் நிறுவிய சோதனை, பொதுமக்களிடையிலும் பேசப்பட்டது.

1960களில் அவர் கவனம் உடலுக்குள் நிகழும் ஓட்டங்களின் பக்கம் திரும்பியது. சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்குச் செல்லும் குழாயின் சுவர், அலை அலையாகச் சுருங்கிச் சிறுநீரை முன்தள்ளுகிறது. பாகுத்தன்மை மேலோங்கி நிலைமம் புறக்கணிக்கத்தக்கதாக இருக்கும் நிலையில் இந்த அலையியக்கம் எவ்வாறு செயல்படும் என்பதை, 1969இல் ஜாஃப்ரின், வைன்பர்க் ஆகியோருடன் எழுதிய ஆய்வுரையில் அவர் கணித்துக் காட்டினார். மொத்த ஓட்டம் முன்னோக்கி இருக்கும்போதே பாய்மத்தின் ஒரு பகுதி சராசரியில் பின்னோக்கி நகரக்கூடும் என்பது அதில் வெளிப்பட்ட வியப்பான முடிவு. சிறுநீர்ப்பையிலுள்ள கிருமிகள் ஓட்டத்துக்கு எதிராகச் சிறுநீரகத்தை எட்டக்கூடிய வழியொன்றை அது சுட்டியது.

அவருடைய ஆய்வுகளுள் ஆழமானதாகக் கருதத்தக்கது, 1977இல் வெளிவந்த மடங்கும் குழாய்களைப் பற்றிய ஆய்வுரையாகும். வெளியழுத்தம் உள்ளழுத்தத்தை மிஞ்சும்போது சிரை போன்ற மெல்லிய குழாய் தட்டையாகிவிடுகிறது. வாயுவின் அடர்த்தி அழுத்தத்தோடு மாறுவதைப் போலவே இங்கே குழாயின் குறுக்குப் பரப்பு மாறுவதால், ஒலிவேகத்தின் இடத்தைக் குழாயில் அழுத்த அலை பரவும் வேகம் ஏற்கிறது. ஓட்ட வேகத்துக்கும் அலை வேகத்துக்கும் உள்ள விகிதம், விமானவியலில் மாக் எண் வகிக்கும் பங்கையே வகிக்கிறது. அவ்விகிதம் ஒன்றை எட்டியபின், கீழ்ப்புற அழுத்தத்தை எவ்வளவு குறைத்தாலும் ஓட்டம் அதிகரிக்காது. எவ்வளவு முயன்று மூச்சை வெளிவிட்டாலும் அதன் வேகம் ஓர் எல்லைக்குமேல் உயராததற்கும் இதே விளக்கம் பொருந்துகிறது. இராக்கெட்டுத் தாரைவாய்க்கு எழுதப்பட்ட சமன்பாடுகளே நுரையீரலின் காற்றுக்குழாய்க்கும் ஏற்றவையாக அமைந்தது, பொறியியலுக்கும் உடலியங்கியலுக்கும் இடையே இருப்பதாகக் கருதப்பட்ட தொலைவை வெகுவாகக் குறைத்தது.

இவ்வறிவு மருத்துவமனைப் படுக்கைக்கும் சென்றது. அறுவைச் சிகிச்சைக்குப்பின் அசையாமல் கிடப்பவரின் கால் சிரைகளில் குருதி தேங்கி உறைகட்டி உண்டாகலாம். அது நுரையீரலுக்கு நகர்ந்தால் உயிருக்கே ஆபத்தாகும். காற்றடைத்த உறைகளால் காலை அழுத்தும்போது, முழுவதையும் ஒரே நேரத்தில் இறுக்கினால் மேல்பகுதிச் சிரை முதலில் மடங்கி, கீழுள்ள குருதிக்கு வழியடைத்துவிடக்கூடும். ஆகவே கணுக்காலில் தொடங்கி மேல்நோக்கி வரிசையாக அழுத்துவது சிரையை நன்கு காலியாக்கும் என்பதை, ஷப்பிரோவும் அவருடைய மாணவரும் பின்னாளில் அதே கழகத்தின் பேராசிரியருமான ரோஜர் காமும் கோட்பாட்டாலும் சோதனையாலும் ஆராய்ந்தனர்.