உதகை அங்காடி

உதகமண்டலத்திற்கு வருவோர் ஏரியைக் காண்பர், மலர்த்தோட்டத்தைக் காண்பர், தொட்டபெட்டா ஏறித் திரும்புவர். ஊரின் நடுவேயுள்ள நகராட்சி அங்காடிக்குள் புகுவோரும் காய்கறியோ வர்க்கியோ வாங்கிக்கொண்டு வெளியேறிவிடுவர். அவ்வங்காடியும் ஒரு சரித்திர ஏடு என்பதை எண்ணுவோர் சிலரே. இம்மாதம் அவ்வேட்டைப் புரட்டிப் பார்க்க நம் நேயர்களை உடன் அழைத்துச் செல்ல விரும்புகிறோம்.

நடையைச் சேரிங்கிராஸ் சந்திப்பில் தொடங்குவோம். அங்கு நிற்கும் நீரூற்று, சென்னை மாகாணக் கவர்னராயிருந்து 1881-இல் இவ்வூரிலேயே காலமான வில்லியம் பாட்ரிக் ஆதம் என்பாரின் நினைவாக 1886-இல் எழுப்பப்பட்டது. அங்கிருந்து செல்லும் கமர்ஷியல் ரோடு அந்நாளில் துரைமாரின் கடைவீதி. கோடைதோறும் மாகாண அரசாங்கமே மலையேறி வந்தமையால், சென்னையின் பெருவணிகரும் அதனைப் பின்தொடர்ந்தனர். 1844-இல் சென்னையில் தோன்றிய ஹிக்கின்பாதம் புத்தகசாலையும், ஸ்பென்ஸர் கம்பெனியும் உதகையில் கிளை வைத்தன.

அவ்வீதியைக் கடந்து மேலும் நடந்தால் அங்காடியை அடைகிறோம். இங்கே கண்ணாடிப் பலகணிகள் இல்லை. ஒடுங்கிய சந்துகளின் இருமருங்கும் 1,500-க்கு மேற்பட்ட சிறு கடைகள் இருந்து வந்தன. காரட்டும் கோசும் ஒருபுறம். கம்பளியும் துணியும் மற்றொருபுறம். மளிகை, இரும்புச் சாமான், இறைச்சி என ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வரிசை. புகார் நகரில் மருவூர்ப்பாக்கத்திற்கும் பட்டினப்பாக்கத்திற்கும் இடையே நாளங்காடி இருந்ததெனச் சிலப்பதிகாரம் கூறும். இரு திறத்தார் வந்து கூடும் நடுவிடமே அங்காடி என்க. அங்ஙனமாயின், உதகையில் வந்து கூடியவர் யாவர்?

இதற்கு விடை காண, அங்காடி இல்லாத காலத்திற்குச் செல்லவேண்டும். வெள்ளையர் வருமுன் இம்மலையில் கொடுக்கல் வாங்கல் இல்லாமலில்லை. தோடர் எருமை மேய்த்து நெய் அளித்தனர். படகர் சாமையும் ராகியும் விளைத்து அளித்தனர். கோத்தர் கத்தியும் கொழுவும் அடித்தனர். அவர்தம் மகளிர் பானை வனைந்தனர். ஈமக் கடன்களுக்கு இசைக் கருவி முழக்கியவரும் அக்குலத்தாரே. குறும்பர் தேனும் காட்டுப் பொருளும் கொணர்ந்தனர். இவற்றுக்கு விலை கூறுவாரில்லை. இன்ன குடும்பத்திற்கு இன்ன குடும்பம் என்று தலைமுறை தலைமுறையாக உறவு அமைந்திருந்தது. பண்டம் அவ்வுறவின் வழியே சென்றது.

கோயமுத்தூர்க் கலெக்டர் ஜான் சலிவன் 1819-இல் இம்மலைக்கு வந்தார். 1822-இல் அவர் உதகையில் கட்டத் தொடங்கிய கல் வீடே இவ்வூரின் முதல் ஐரோப்பியக் கட்டிடம். மேனாட்டுக் காய்கறிகளும் உருளைக்கிழங்கும் மலை மண்ணில் வேரூன்றின. 1832-இல் குன்னூர்க் கணவாய்ப் பாதை முடிந்தது. கீழ்நாட்டு அரிசியும் உப்பும் துணியும் அவ்வழியே ஏறிவந்தன. 1840-களில் இங்கு வசித்த ஐரோப்பியர் தலைக்கு மாதம் 3 ரூபாய் சந்தா செலுத்தித் தமக்கெனக் காய்கறித் தோட்டம் ஒன்று போட்டனர் என்றால், காய்கறிக்கு அந்நாளில் இருந்த கிராக்கி விளங்கும். அம்முயற்சியை ஒட்டியே 1848-இல் மக்கைவர் என்பாரின் கையில் அரசினர் தாவரத் தோட்டம் உருவாகத் தொடங்கியது. 1866-இல் நகராட்சி ஏற்பட்டது. மலை ரயில் 1899-இல் குன்னூரையும் 1908-இல் உதகையையும் எட்டியது. குடியிருப்போர் பெருகினர், பாதை எளிதாயிற்று, அங்காடி வளர்ந்தது.

அங்காடி வளர வளர, பழைய உறவு தேய்ந்தது. கோத்தர் கொழுவுக்காகக் காத்திருந்த உழவன், கடையில் காசு கொடுத்து அன்றே வாங்கினான். மண்பானையிருந்த அடுப்பில் உலோகப் பாத்திரம் ஏறிற்று. 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அப்பண்டமாற்று முறை பெரும்பாலும் தளர்ந்துவிட்டது.

இதனை முற்றும் இழப்பென்று புலம்புவது நேர்மையன்று. பழைய முறையில் இன்னார் பிள்ளை இன்ன தொழிலே செய்யவேண்டும் என்ற கட்டும் இருந்தது. அங்காடி அக்கட்டை அவிழ்த்தது. காசு உடையவன் எவனும் வாங்கலாம். பண்டம் உடையவன் எவனும் விற்கலாம். ஆனால் ஒரு கட்டு அவிழ்ந்த இடத்தில் மற்றொரு கட்டு விழுந்தது. கிழங்கு விளைத்தவன் மேட்டுப்பாளையத்து மண்டியில் தரகர் சொன்ன விலைக்குக் கட்டுப்பட்டான். விதைக்கும் எருவுக்கும் முன்பணம் வாங்கியவன் விலை பேசுவது எங்ஙனம்?

இந்நிலையில் ராவ்பகதூர் ஆரி கௌடர் முன்னின்று 1935-இல் நீலகிரிக் கூட்டுறவு விற்பனைச் சங்கத்தை நிறுவினார். விளைத்தவர் பலர் ஒன்றுகூடி விற்றால் விலை கூறும் உரிமை ஓரளவேனும் அவர் பக்கம் திரும்பும் என்பதே அதன் கருத்து. பழைய முறையில் உறவு இருந்தது, உரிமை இல்லை. அங்காடியில் உரிமை வந்தது, உறவு இல்லை. இரண்டையும் ஒருங்கே பெற முயன்றது கூட்டுறவு. இம்மலையின் வாணிக சரித்திரத்தில் எந்தக் கவர்னரின் நீரூற்றினும் இது பெரிய நினைவுச் சின்னம் என்பது நம் துணிபு.

பின்னரும் சோதனைகள் வந்தன. 1961-இல் உருளைக்கிழங்கின் வேரைத் தாக்கும் நூற்புழு உதகையில் கண்டறியப்பட்டது. பின்னர் இம்மலைக் கிழங்கு விதைக்காக வெளிமாநிலம் செல்வதற்குத் தடை வந்தது. தேயிலை பல வயல்களை மூடியது. அங்காடியிலோ வாடகை உயர்வு பற்றிய வழக்காடல் முற்றி, நிலுவைக்காகப் பல நூறு கடைகள் பூட்டி முத்திரையிடப்பட்டன. அதன்பின் ஒரு பகுதியை இடித்துப் புதிதாய்க் கட்டும் வேலையும் தொடங்கியது.

புதுக் கட்டிடம் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. மழையில் ஒழுகும் கூரையையும், தீ மூண்டால் ஓட வழியில்லாத சந்தையும் பழமை என்று போற்றுவது பேதைமை. வேண்டுவது இரண்டே. ஒன்று, கூடையிறக்கித் தரையில் அமர்ந்து விற்கும் சிறு குடியானவருக்கும் தொகை கட்டிக் கடை எடுப்பவருக்கும் புதிய அங்காடியில் ஒக்க இடம் இருத்தல். அவரை வெளியே நிறுத்திய அங்காடி, இரு திறத்தார் கூடும் நடுவிடம் ஆகாது. மற்றொன்று நம் கையிலேயே உள்ளது. நம்மவரில் இம்மலையில் உழுதோரும் உண்டு. கீழ்நாட்டிலிருந்து ஏறிவந்து கடை வைத்தோரும் உண்டு. பாட்டனார் எழுதிய பேரேடு, மண்டிச் சீட்டு, வாடகை ரசீது முதலியன பரணில் கிடக்குமாயின், அவற்றைப் பழந்தாளோடு எடைக்குப் போட்டுவிடாதீர்கள். கவர்னர்களின் சரித்திரத்தைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். கிழங்கு விற்றவனின் சரித்திரம் அப்பேரேடுகளில்தான் இருக்கிறது. சுவர் இடிந்தால் மீண்டும் எழுப்பலாம். அவ்வேடு போனால் எழுதுவார் யார்?