தொழிற்பேட்டை ஓரத்தில் எச்.ஐ.வி. தடுப்பு

1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தனர். தன்பால், இருபால் ஈர்ப்புள்ள ஆண்களைத் தடுப்புப் பணி எட்டத் தாமதமானது. தன்பால் உறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆவது பிரிவு குறித்த அச்சம் அவர்களை ஒளிந்து வாழவைத்தது. 1998இல் சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்பேட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. அதே ஆண்டு சென்னையில் சுனில் மேனன் இந்த ஆண்களுக்காக 'சகோதரன்' அமைப்பை நிறுவினார். ஆணுறை கொடுத்தால் மட்டும் போதாது: தேங்காய் எண்ணெய் பட்டால் அதன் ரப்பர் நைந்து கிழியும், நீர் சார்ந்த வழவழப்புக் களிம்பே பாதுகாப்பு. இதை வெட்கப்படாமல் சொல்ல அந்த ஆண்களுள் ஒருவரே வேண்டியிருந்தது. 2004 ஏப்ரலில் எச்.ஐ.வி.க்கான அரசின் இலவசக் கூட்டு மருந்து, அதே தொழில் வட்டாரத்தின் ஒரகடத்திலிருந்து எட்டக்கூடிய தாம்பரம் சானடோரியம் மருத்துவமனைக்கு வந்தது. 2018 செப்டம்பர் 6இல் உச்ச நீதிமன்றம் தன்பால் உறவைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கியது. அடுத்த நான்கே நாளில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம், வேலைக்கு முன்நிபந்தனையாகப் பரிசோதனை கேட்பதைத் தடைசெய்தது.