டம்ளர் சூடும் கிருஷ்ணனும்

பாகூர் டீக்கடையில எவர்சில்வர் டம்ளர் விரலைச் சுட்டப்போ, வத்திராயிருப்புக்காரர் கே.எஸ்.கிருஷ்ணன் ஞாபகம் வந்தார். ராமனோட 1928 ஆய்வில் கூட இருந்தவர்னு மட்டும்தான் நமக்குத் தெரியும். 1954-ல் எஸ்.சி.ஜெயினோடு சேர்ந்து, மின்சாரத்தால் பழுக்கக் காய்ச்சிய கம்பியில் இடத்துக்கு இடம் வெப்பநிலை மாறுவதை வைத்தே, உலோகம் சூட்டைக் கடத்தும் திறனை அளக்க வழி சொன்னவர் அவர்.

கம்பி சரி. முடியைவிட மெலிசான படலம்னா? சூடு கண் இமைக்குமுன் ஓடிடுமே! 1986-ல் அமெரிக்காவில் பேடக்கும் ஈஸ்லியும் (கார் கம்பெனி ஆய்வகத்தில், நம்புங்க!) ஒரு லேசர் துடிப்பால் படலத்தைச் சுட்டார்கள். சூடான உலோகம் ஒளியைத் திருப்பும் அளவு துளியூண்டு மாறும். பின்னாலேயே வரும் இன்னொரு துடிப்பு அதைப் படிக்கும். கடிகாரம்? கண்ணாடியை 0.15 மில்லிமீட்டர் நகர்த்தினால், போய்த் திரும்பும் ஒளிக்கு விநாடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு தாமதம். அவ்ளோதான்!

கிருஷ்ணன் 1961-லேயே போய்ட்டார். முதல் லேசர் ஒளிர்ந்து அப்போ ஒரே வருஷம்தான்.