பிதுரார்ஜிதப் பகடை

சென்ற மழைக்காலத்தில் ஒரு நண்பரைப் பார்க்கச் சடையங்குப்பம் போயிருந்தேன். மணலிப் பக்கத்தில், கொசஸ்தலையாற்றில் வெள்ளம் வந்தால் கால் நனைகிற ஊர்களில் அதுவும் ஒன்று. நண்பர் வீட்டில் இல்லை. திண்ணையில் நாலு பையன்கள் 'பிஸினஸ்' ஆட உட்கார்ந்திருந்தார்கள். காத்திருந்த நேரத்துக்கு அதுவே எனக்குப் பொழுதுபோக்காயிற்று.

நோட்டுகளைப் பங்கிட்டவன் நண்பரின் மகன். தனக்கு மட்டும் இரண்டு பங்கு எடுத்துக்கொண்டான்.

"இது இன்னாடா நியாயம்?" என்றான் ஒல்லிப் பையன் ஒருவன்.

"அட்டை எங்கப்பா வாங்கினது. இஷ்டமிருந்தா ஆடு."

ஆடினார்கள். வேறென்ன செய்வது? அரை மணியில் பம்பாயும் கல்கத்தாவும் அவன் வசமாகிவிட்டன. மற்ற மூவரும் குடிக்கூலி கொடுத்தே போண்டியானார்கள். ஜெயித்தவன் என் பக்கம் திரும்பி, "எப்படி சார் என் மூளை?" என்றான்.

அவனைக் கோபிக்க எனக்கு மனம் வரவில்லை. அந்த ஆட்டத்தின் சரித்திரமே அப்படிப்பட்டது.

அமெரிக்காவில் எலிசபெத் மேகி என்று ஒரு பெண்மணி இருந்தார். சுருக்கெழுத்து வேலை பார்த்தவர். நிலம் சிலர் கையில் குவிவதே ஏழ்மைக்கு வேர் என்று வாதாடிய ஹென்றி ஜார்ஜின் கொள்கையில் பற்றுள்ளவர். அந்தக் கொள்கையைப் புத்தகத்தைவிட விளையாட்டு நன்றாகக் கற்பிக்கும் என்று அவருக்குத் தோன்றிற்று. 'நிலச்சுவான்தார் ஆட்டம்' என்று ஒன்றை அமைத்து, 1904-ல் காப்புரிமை வாங்கினார். பின்னர் அதற்கு இரண்டு வித விதிகள் ஏற்பட்டன. ஒன்றில், ஒருவன் எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டு மற்றவர்களை ஒழித்தால் வெற்றி. மற்றொன்றில், ஒருவன் சம்பாதித்தால் அதில் எல்லாருக்கும் பங்கு. இரண்டையும் ஆடிப் பார்த்தால் எது நியாயம் என்பது குழந்தைக்கும் விளங்கும் என்பது அம்மையாரின் நம்பிக்கை.

ஜனங்களுக்குப் பிடித்தது முதல் விதிதான்! வேலையிழந்திருந்த சார்லஸ் டாரோ என்பவர், கைக்குக் கை மாறி வந்த இந்த ஆட்டத்தைத் தம் சொந்தக் கற்பனை என்று சொல்லி, 1935-ல் பார்க்கர் பிரதர்ஸ் கம்பெனிக்கு விற்றார். 'மோனோபலி' பிறந்தது; டாரோ லட்சாதிபதியானார். மேகியின் காப்புரிமையைக் கம்பெனி 500 டாலருக்கு வாங்கிக்கொண்டது. அவர் 1948-ல் காலமானார். 1970-களில் ரால்ஃப் அன்ஸ்பாக் என்ற பொருளாதாரப் பேராசிரியர் கம்பெனியோடு வழக்காடப் போய்ப் பழைய சான்றுகளைத் தேடியபோதுதான் உண்மை வெளிவந்தது. சுருட்டுவது தவறு என்று காட்டப் பிறந்த ஆட்டத்தையே சுருட்டிவிட்டார்கள்!

இன்னொரு வேடிக்கையும் உண்டு. கலிபோர்னியாவில் பெர்க்லி சர்வகலாசாலையைச் சேர்ந்த பால் பிஃப் என்ற மனோதத்துவ ஆராய்ச்சியாளர் நூற்றுக்கு மேற்பட்ட ஜோடிகளை மோனோபலி ஆடவிட்டார். காசைச் சுண்டிப் போட்டு ஒருவரைப் பணக்காரர் ஆக்கினார். அவருக்கு இரட்டிப்புப் பணம். உருட்டுவதற்கு இரண்டு பகடை. எதிராளிக்கு ஒன்றே. நேரம் ஆக ஆகப் பணக்காரரின் குரல் உயர்ந்தது. காயை ஓங்கி வைத்தார். மேஜையில் வைத்திருந்த தின்பண்டத்தையும் அவரே அதிகம் தின்றார். முடிவில், ஏன் ஜெயித்தீர்கள் என்று கேட்டபோது, தாம் எந்த ஊரை எப்படிச் சாமர்த்தியமாக வாங்கினோம் என்பதைத்தான் விவரித்தார்கள். சுண்டிப்போட்ட காசை மறந்துவிட்டார்கள்! 2013-ல் பிஃப் இதை ஒரு சொற்பொழிவில் விவரித்தார்.

நமக்கு இது புதிதல்ல. அஸ்தினாபுரத்துச் சூதில் பணயம் துரியோதனனுடையது. உருட்டிய கை சகுனியுடையது. ஆஸ்தி இருந்தால் சாமர்த்தியத்தையும் வரவழைத்துக்கொள்ளலாம்.

பின் ஏழைக்குப் பலகையில் வழியே இல்லையா? வட சென்னையைப் பாருங்கள். கேரம் ஆட்டத்தில் மரிய இருதயம் 1991-லும் 1995-லும் உலகப் பட்டம் வென்றார்; 1996-ல் அர்ஜுனா விருது பெற்றார். 2008-ல் பிரான்ஸில் வென்ற இளவழகி வியாசர்பாடிப் பெண்; தந்தை மூன்று சக்கர வண்டி ஓட்டியவர். 2024-ல் அமெரிக்காவில் மூன்று தங்கம் வென்ற காசிமா ஓர் ஆட்டோ ஓட்டுநரின் மகள்.

ஏன் கேரம்? எனக்குத் தோன்றுகிற காரணம் இது: இந்தப் பேட்டைகளில் பலகை பெரும்பாலும் ஒருவன் வீட்டுச் சொத்தல்ல. தெருமுனை மன்றத்தில் கிடக்கிறது. நாலு பேர் காசு போட்டு வாங்கியது. முறை வந்தால் யாரும் உட்காரலாம். மேகி அம்மையாரின் இரண்டாவது விதி, அவர் பெயரைக் கேள்விப்படாமலே, இங்கே வழக்கத்தில் இருக்கிறது. ஆனால் அதுவும் ஓரளவுக்குத்தான். வயிற்றுப்பாட்டை விட்டுவிட்டுப் பயிற்சி செய்யும் நேரத்தையும், கலிபோர்னியாவுக்கு விமானச் சீட்டையும் பலகை கொடுக்காது. ஜெயித்த மூவரை நமக்குத் தெரியும். சுண்டுவதற்கு நேரமில்லாமல் வேலைக்குப் போய்விட்டவர்களை யார் எண்ணினார்கள்?

நண்பர் வர இருட்டிவிட்டது. பேசிவிட்டுத் திரும்புகையில் தெருமுனையில் விளக்கு எரிந்தது. ஒல்லிப் பையன் கேரம் பலகையில் பவுடர் தூவிக்கொண்டிருந்தான். எதிரே, இரட்டைப் பங்குக்காரன். ஸ்ட்ரைக்கர் ஒல்லிப் பையனின் விரலில் துள்ளிற்று. சிவப்புக் காய் குழியில் விழுந்தது.

"பலகை யாருடையது, தம்பி?" என்று கேட்டேன்.

அவன் தலை நிமிரவில்லை. அடுத்த காய்க்குக் குறி பார்த்தபடியே, "எல்லாருதும் சார்" என்றான்.