கிண்டியில் சிவில் படித்தவரும் செயற்கை அறிவும்

எங்கள் நாச்சாரத்தில் இன்டர் முடிக்கும் பிள்ளை இருக்கிற வீட்டுக்குப் போனால் இப்போதெல்லாம் ஒரே கேள்விதான்: "ஏ.ஐ. கோர்ஸ்ல சேர்க்கலாமா சார்?" நான் பதிலுக்கு ராஜ் ரெட்டி அவர்களின் வரலாற்றைச் சொல்வது வழக்கம்.

1937-ல் சித்தூர் மாவட்டத்துக் காட்டூரில் பிறந்தவர். அன்று அது சென்னை மாகாணம். 1953-ல் ஆந்திரம் பிரிந்தபோது சித்தூர் அந்தப் பக்கம் போயிற்று. அவர் படித்துப் பட்டம் பெற்றதோ கிண்டி பொறியியல் கல்லூரியில். நம்மவர் என்று சொந்தம் கொண்டாட நான் வரவில்லை, அவர் தெலுங்கர்தான். எல்லைக் கோடு போட்ட பிறகும் படிப்புக்காக அதைத் தாண்டியவர்கள் உண்டு என்பதற்காகச் சொல்கிறேன். நாமும் பிழைப்புக்காகத் தாண்டி வந்தவர்கள்தானே!

கிண்டியில் அவர் படித்தது சிவில். 1958-ல் பட்டம். 'செயற்கை அறிவு' என்ற பெயரை உலகறியச் செய்த டார்ட்மத் கூட்டம் அமெரிக்காவில் 1956-ல் நடந்தபோது அவர் இங்கே மாணவர்! பிறகு ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் எம்.டெக்., அங்கேயே ஐ.பி.எம்.மில் வேலை, அப்புறம் ஸ்டான்ஃபோர்ட். அங்கே அவருக்கு வழிகாட்டி, டார்ட்மத் கூட்டத்தைக் கூட்டியவர்களில் ஒருவரான ஜான் மெக்கார்த்தி. 1966-ல் முனைவர் பட்டம்.

அவர் எடுத்துக்கொண்ட வேலை, மனிதப் பேச்சைக் கம்ப்யூட்டருக்குப் புரியவைப்பது. அது எவ்வளவு சிரமம் என்று ஹைதராபாத் தமிழருக்குச் சொல்லவே வேண்டாம். பக்கத்து வீட்டிலிருந்து "பாலு" என்று அரைகுறையாகக் காதில் விழுகிறது. தெலுங்கில் பால் கேட்கிறார்களா, நம்ம பாலுவைக் கூப்பிடுகிறார்களா? அடுத்து "காவாலி" வந்தால் பால். "எங்கே போனான்" வந்தால் ஆள். அதுவரை இரண்டையும் மனசில் வைத்திருக்கிறோம். கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் அவரது குழுவில் 1976-ல் உருவான 'ஹார்ப்பி' செய்ததும் ஏறக்குறைய இதுதான். சுமார் ஆயிரம் சொற்கள் அதற்குத் தெரியும். ஒவ்வோர் அடியிலும் தேறக்கூடிய சில வழிகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கழித்துவிடும். 'பீம் சர்ச்' என்ற பெயரில் இம்முறையை இன்றும் மாணவர்கள் படிக்கிறார்கள். 1994-ல் எட்வர்ட் ஃபைகன்பாமுடன் டியூரிங் விருது பெற்றார்.

செயற்கை அறிவுக்கென்றே தனி இளநிலைப் பட்டப்படிப்பை அதே கார்னகி மெல்லன் 2018-ல் தொடங்கியது. மறு ஆண்டே நம்ம ஊர்ப்பக்கம், கந்தியில் உள்ள ஐ.ஐ.டி. ஹைதராபாத் 20 இடங்களுடன் பி.டெக். ஆரம்பித்தது. இப்போது பல கல்லூரிகளில் அந்தப் பெயர்ப்பலகை தொங்குகிறது. பலகையைப் பார்க்காதீர்கள், பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள் என்பேன். நிகழ்தகவு, அணிக் கணிதம், தேடல் முறைகள், புரோகிராமிங் இவை அழுத்தமாக இருக்கின்றனவா? இல்லையென்றால் சாதாரண கம்ப்யூட்டர் சயன்ஸே மேல்.

சொல்லித்தர ஆள் இருக்கிறார்களா என்பது அடுத்த கேள்வி. நியூரல் நெட்வொர்க் பற்றி 1999-லேயே பாடநூல் எழுதிய பேராசிரியர் பி. யக்ஞநாராயணா, சென்னை ஐ.ஐ.டி.யில் பல்லாண்டு பேச்சு ஆய்வு நடத்திவிட்டு, கச்சிபௌலியில் உள்ள ஐ.ஐ.ஐ.டி.க்கு வந்து சேர்ந்தார். அந்த நிறுவனத்தின் ஆட்சிக்குழுத் தலைவராக இருந்தவர், கிண்டியில் சிவில் படித்த அதே ராஜ் ரெட்டி.